பதிவுத் திருமணம் செய்யாத தந்தையும் வேறு மாகாணத்தில் வளரும் பிள்ளையும்

“பிள்ளை என்னுடையது, வவுனியாவில் அம்மம்மாவுடன் இருக்கிறது, தாய் வெளிநாட்டில். இங்கே வழக்குப் போட்டு எடுத்துத் தருவீர்களா?” என்று திருகோணமலையில் எம்மிடம் ஆலோசனை கேட்டு வரும் தந்தையரில் சிலர், பிள்ளையின் தாயைப் பதிவுத் திருமணம் செய்யாதவர்கள்.

அவர்களிடம் நான் முதலில் கேட்பது தாலியைப் பற்றி. போர்க்காலத்து இடப்பெயர்வுகளுக்கிடையே கோயிலில் தாலி கட்டிக் கூறை கொடுத்து, பதிவாளரிடம் போகாமலே குடும்பம் நடத்தியவர்கள் மூதூர், சம்பூர்ப் பக்கங்களில் உண்டு. பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவு என்பது திருமணத்துக்குச் சிறந்த சான்றே தவிர, பதிவில்லை என்பதால் மட்டும் திருமணம் செல்லாததாகிவிடாது. கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தவர்களை, மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, திருமணமானவர்களாகவே கொள்ள வேண்டும் என்பது, இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றின் வழக்கில் 1881ஆம் ஆண்டிலேயே, அன்று இலங்கைக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்ட நிலைப்பாடு. (முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் உண்டு, அதை இங்கே நான் தொடவில்லை.) ஆகவே, ‘கலியாணம் எழுதாதவன்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டு வருபவர் சட்டப்படி கணவராகவே இருக்கக்கூடும், அப்போது வழக்கின் அடிப்படையே மாறிவிடும்.

சடங்கும் இல்லை, சேர்ந்து வாழ்ந்ததும் இல்லை என்றால், ஒல்லாந்தர் காலத்திலிருந்து இலங்கையில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டம் தந்தைக்குக் கடுமையானது. பிள்ளையின் பாதுகாவல், அதாவது பிள்ளையைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை, தாய்க்கே உரியது. தந்தைக்குப் பிறப்பினால் வரும் உரிமை கிடையாது. ஆனால் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் அதே தந்தைமீது பிள்ளையைப் பராமரிக்கும் கடமையைச் சுமத்துகிறது. மாதாமாதம் பணம் கட்டினாலும் பாதுகாவல் உரிமை வந்துவிடாது என்று சொல்லும்போது பலருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கொண்டு நீதிமன்றம் தீர்மானிக்கும் என்பதுதான் அவருக்குத் திறந்திருக்கும் வாசல்.

அங்கே பேசப்போவது பத்திரங்கள். திருமணமாகாத பெற்றோர் கூட்டாகக் கோரி, தந்தையும் கையொப்பமிட்டாலன்றி, பொதுவாகப் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் எழுதப்படாது. எனவே பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அவர் பெயர் இருப்பதே வலுவான சான்று. அந்த இடத்தில் வெறும் கோடு இருந்தால் தந்தைமையிலிருந்தே தொடங்க வேண்டும். இதைவிடச் சிக்கலானவர், முன்பு நீதவான் நீதிமன்றத்தில் பராமரிப்புப் பணத்துக்குப் பயந்து “இது என் பிள்ளையில்லை” என்று சொல்லிவிட்டு, பிறகு பிள்ளையைக் கேட்டு வருபவர். அந்த வாக்குமூலம் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கோவையில் பத்திரமாக இருக்கும். தீபாவளிக்கு உடுப்பு, பாடசாலைக் கொப்பி எல்லாம் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். கையில் கொடுத்த காசுக்குச் சாட்சி ஏது? தாயின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஐயாயிரம் ரூபா இட்ட பற்றுச்சீட்டுகள் அதைவிட உரத்துப் பேசும்.

வழக்கை எங்கே தொடுப்பது என்பதில் பலர் காலத்தை வீணாக்குகிறார்கள். பிள்ளையைக் கேட்டு இங்கே போடுவது ஆட்கொணர்வு மனு, அதாவது ஒருவரிடம் தடுத்து வைக்கப்பட்டிருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லும் கட்டளையைக் கேட்பது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்துக்குரிய ஆட்கொணர்வு எழுத்தாணை அதிகாரம், அந்த மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருப்பவர்கள் தொடர்பானது. வவுனியாவில் இருக்கும் பிள்ளைக்காகத் திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்து பயனில்லை. வட மாகாணத்து மேல் நீதிமன்றத்தையோ கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தையோ நாட வேண்டும். இரவோடு இரவாக வான் பிடித்துப்போய்ப் பிள்ளையைத் தூக்கி வருவது, பொலிஸ் முறைப்பாட்டில் தொடங்கி, நல்ல வழக்கையும் கெடுத்துவிடும்.

பாதுகாவல் கிடைக்காவிட்டால் சந்திப்பு உரிமையாவது வேண்டுமென்று அதே மனுவில் மாற்றுக் கோரிக்கையாகக் கேட்க வேண்டும். ‘நியாயமான சந்திப்பு’ என்று பொதுவாக எழுதினால் அடுத்த மாதமே தகராறு வரும். எந்தப் பாடசாலை விடுமுறையில் எத்தனை நாள், தொலைபேசியில் பேசுவது எந்தக் கிழமை, பிள்ளையை எந்த இடத்தில் யார் ஒப்படைத்து யார் திரும்பப் பெறுவது என்பது வரை அதில் இருக்க வேண்டும்.