எஸ்எஸ்டி வாங்கும் முன் மதர்போர்டைப் பாருங்கள்

ஆன்லைன் ஆஃபரில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான ஸ்டோரேஜ்) வாங்கிக்கொண்டு வந்து, "அண்ணே, இதை மாட்டிக் கொடுங்க" என்று நீட்டுபவர்கள் சர்வீஸ் கடைக்கு நிறையவே வருகிறார்கள். விலை பார்த்திருப்பார்கள், ஜிபி பார்த்திருப்பார்கள். மதர்போர்டு என்ன மாடல் என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

பலரும் ஏமாறுவது எம்.2 வகையில். எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதில் 2280 என்று போட்டிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். டேட்டா போய்வரும் முறை வேறு: அதே வடிவத்தில் பழைய முறையான சாட்டாவும் உண்டு, புதிய முறையான என்விஎம்இயும் உண்டு. சாட்டா நொடிக்குச் சுமார் 550 எம்பியோடு நின்றுவிடும். என்விஎம்இ அதைப்போல் பல மடங்கு ஓடும். மதர்போர்டில் இதை மாட்டும் ஸ்லாட்டில், சில இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டும். வம்பு என்னவென்றால், சொருகும் முனையில் இரண்டு வெட்டு உள்ள சாட்டா எம்.2, என்விஎம்இக்கு மட்டுமான ஸ்லாட்டிலும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மதர்போர்டின் புரோகிராம்) தலைகாட்டாது. உடனே "டூப்ளிகேட் மால்" என்று விற்றவரைத் திட்டுவார்கள்.

விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் பேஸ்போர்டு வரியில் மாடல் பெயர் இருக்கும். அந்த போர்டின் மேனுவலை இறக்கி, ஸ்டோரேஜ் பக்கத்தைப் படியுங்கள். எம்.2 போட்டால் எந்த சாட்டா போர்ட் வேலை செய்யாது என்பதும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். புது எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனால் பதறாதீர்கள். கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கம்ப்யூட்டரா? என்விஎம்இ ஆசையை விடுங்கள். அந்தக் காலத்து பயாஸ் பலவற்றுக்கு அதிலிருந்து பூட் ஆக, அதாவது விண்டோஸைத் தொடங்க, தெரியாது. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும். சுழலும் டிஸ்க்கிலிருந்து அதற்கு மாறினாலே வேகம் கண்ணுக்குத் தெரியும்.

போட்டோ, வீடியோ சேர்க்க 4 டிபி ஹார்டு டிஸ்க் வாங்குபவர்கள் அதை ஜிபிடி முறையில் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் புதிய முறை) பார்ட்டிஷன் செய்யச் சொல்லுங்கள். பழைய எம்பிஆர் முறையில் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாது. சிஎம்ஆரா (டேட்டா தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை), எஸ்எம்ஆரா (தடங்கள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் வகை) என்றும் பாருங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் அடிக்கடி அழித்து எழுதினால் வேகம் படுத்துவிடும், பேக்கப்புக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. எது எந்த வகை என்று சொல்லாமலே விற்றது சர்ச்சையாகி, 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், டோஷிபா மூன்றும் மாடல் பட்டியலை வெளியிட்டன. அட்டைப்பெட்டியை நம்பாமல், மாடல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் தளத்திலேயே தேடுங்கள்.