பச்சை அணைந்தால் லேசர் அணைந்தது என்று யார் சொன்னது?

கண்ணுக்குத் தெரியாத லேசரைப் பாய்ச்சிப் பச்சை ஒளி எடுக்கும் ஆய்வுகூடத்தில் மறுபடியும் ஒரு மாணவர், மறுபடியும் அதே பதில்: "வெளிச்சம் மங்கிவிட்டது சேர், அதுதான் கிட்டப் போய்ப் பார்த்தேன்." இப்போது எந்த எழுத்தை வாசித்தாலும் அதன் நடுவில் ஒரு கரும்புள்ளி நிற்கிறதாம். கண் வைத்தியரிடம் அனுப்பிவிட்டு, எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

மேல்மாற்ற நனோ துணிக்கைகள், அதாவது சக்தி குறைந்த ஒளியைச் சக்தி கூடிய ஒளியாக மாற்றும் மிக நுண்ணிய துணிக்கைகள், 980 நனோமீற்றர் அலைநீள லேசர் ஒளியை வாங்கிப் பச்சையும் சிவப்பும் உமிழ்கின்றன. வாங்கும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பச்சை உண்டாக இரண்டு போட்டன்கள் (ஒளியின் மிகச் சிறு பொட்டலங்கள்) வேண்டும். ஆகவே லேசர் வலுவைப் பாதியாக்கினால் பச்சை ஏறத்தாழக் கால்வாசியாகும், மூன்றிலொன்றாக்கினால் ஒன்பதிலொன்று. வில்லையைச் சற்று நகர்த்திப் புள்ளியை அகலமாக்கினாலும் பச்சை மங்கிவிடும். அப்போது லேசர் ஒரு மில்லிவாற்றுகூடக் குறைந்திருக்காது! பெரும்பாலான மாதிரிகளில், உள்ளே போகும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூடப் பச்சையாகத் திரும்புவதில்லை. பச்சையைப் பார்த்து லேசரை அளப்பது, புகையைப் பார்த்து அடுப்பின் சூட்டை அளப்பது போலத்தான். தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது, விழித்திரை சுட்டாலும் வலிக்காது.

நிறத்தை மாற்ற வேண்டுமா? லேசர் குமிழை விட்டுவிடுங்கள். துணிக்கையைத் தயாரிக்கும்போதே செய்யுங்கள். சிவப்பு அதிகமாக வேண்டுமானால் துணிக்கையில் கலக்கும் இற்றர்பிய உலோகத்தின் பங்கைக் கூட்டலாம். நீலத்துக்கு எர்பிய உலோகத்தை எடுத்துவிட்டுத் தூலிய உலோகம் சேர்க்கலாம். பிரகாசம் போதவில்லையென்றால் துணிக்கையின் மேல் இந்த உலோகங்கள் கலக்காத ஓடு ஒன்றைப் போர்த்துங்கள், குறைந்த வலுவே போதும். (808 நனோமீற்றர் லேசருக்கு மாறினால் நீர் மாதிரி சூடாவது குறையும். கண்ணுக்கு ஆபத்துக் குறையாது. அதையும் இதையும் குழப்பாதீர்கள்.)

பச்சை லேசருக்கென்று வாங்கிய செம்மஞ்சள் பாதுகாப்புக் கண்ணாடி 980ஐத் தடுக்காது. எந்த அலைநீளத்தைத் தடுக்கும் என்று கண்ணாடியின் சட்டகத்தில் அச்சிட்ட எண்ணை வாசியுங்கள். ஒளி பட்டுத் தெறிக்கும் மோதிரம், கைக்கடிகாரம் கழற்றுங்கள். 500 மில்லிவாற்றுக்கு மேற்பட்ட லேசரென்றால் வெள்ளைத் தாளில் பட்டுச் சிதறும் ஒளியே ஆபத்தாகலாம். நம் மலையகத்து மழையில் மின்சாரம் போவதும் வருவதும் வழக்கம். மலிவான லேசர்கள் மின்சாரம் வந்ததும் தாமாகவே எரியும். மின்சாரம் போன உடனே லேசரின் சாவியைத் திருப்பிக் கையில் எடுங்கள்.

தோட்டத்துப் பாடசாலையிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வரும் பிள்ளைகள் கண்ணாடி கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கேளுங்கள், பிள்ளைகளே. தராவிட்டால் அன்று லேசரைத் தொடாதீர்கள். மேற்பார்வையாளர்களே, கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறதென்றால் அறைக்குள் ஒருவர்தான் நிற்க வேண்டும்.