டூலிங் காஸ்ட் என்கிற அச்சுச் செலவு

கோயம்புத்தூரில் ஒரு பிளாஸ்டிக் பாகத்துக்குக் கொட்டேஷன் கேட்டால் இரண்டு தொகை வரும். ஒன்று பீஸ் விலை. இன்னொன்று டூலிங் காஸ்ட். தொழிலுக்குப் புதியவர் மிரள்வது இரண்டாவதைப் பார்த்துத்தான்.

டூல் என்றதும் ஸ்பேனர் ஞாபகம் வரக்கூடாது. குறிப்பிட்ட ஒரு பொருளுக்கென்றே செய்கிற மோல்டு, டை என்னும் அச்சுகள், வேலையின்போது பாகத்தைப் பிடித்து வைக்கவும் வெட்டும் கருவிக்கு வழிகாட்டவும் உதவும் ஜிக், ஃபிக்ஸ்சர் எல்லாம் சேர்ந்ததுதான் டூலிங். பெரும்பாலும் வேறு எதற்கும் உதவாது. அதனால்தான் தனியாக வாங்குகிறார்கள். 'கருவிச் செலவு' என்று சிலர் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை, லேத் வாங்கிய கணக்குப் போல இருக்கிறது.

மோல்டு, 'சிறிய அளவு' எனப் பொருள்படும் மாடுலஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் அச்சு. குறளில் மயிலிறகுப் பாரத்தால் முறிகிற அச்சு வண்டியுடையது, அது வேறு. அச்சுவெல்லம் தின்று வளர்ந்த கொங்குக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

உலோகம் வார்க்கும் பவுண்டரிக்குள் போனால் மட்டும் கொஞ்சம் குழப்பம். அங்கே மோல்டு என்பது மணல். பம்ப் பாடியை வார்த்ததும் உடைத்துவிடுவார்கள். மிஞ்சுவது பேட்டர்ன், அதாவது மணலில் பதித்துக் குழி எடுக்கும் மாதிரி. பணம் போவதும் அதில்தான். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்குவதால், பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்வார்கள். இதற்கு 'மாதிரியச்சு' பொருந்தும்.

பிளாஸ்டிக் அச்சில் எஃகு, சிஎன்சி (கணினி வழி வெட்டு), ஸ்பார்க் (மின்பொறியால் எஃகை அரிப்பது), பாலீஷ், டிரையல் என்று செலவு போய்க்கொண்டே இருக்கும். கிரைண்டர் சுவிட்சின் குமிழை எடுத்துக்கொள்ளுங்கள். நேராகத் திறந்து மூடும் அச்சே போதும். பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை கேட்டுவிட்டால், அதை உண்டாக்கும் பின் முதலில் பக்கமாக விலகியாக வேண்டும், இல்லையென்றால் பீஸ் வெளியே வராது. அதற்கு ஸ்லைடு வைக்க வேண்டும். செலவு சட்டென்று ஏறும். குறைவான எண்ணிக்கைக்கு அப்புறம் டிரில் போட்டுக்கொள்வதே மேல். டிரையலுக்குப் பிறகு எஃகைச் சீவுவது சுலபம், கூட்ட வேண்டுமானால் வெல்டிங்தான். அனுபவமுள்ள டை மேக்கர் அதற்கென்றே எஃகைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக் கடைவார்.

சரி, கட்டுப்படியாகுமா? அச்சு 3 லட்சம் என்று வையுங்கள். 10,000 பீஸ் என்றால் ஒன்றுக்கு 30 ரூபாய், 1 லட்சம் பீஸ் என்றால் 3 ரூபாய். அச்சுக்குப் பணம் கட்டினால் அது யாருக்குச் சொந்தம், பராமரிப்பு யார் தலையில், வேறு கம்பெனிக்கு எடுத்துப் போகலாமா என்பதையெல்லாம் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.