ரேடியேஷன்: கதிர்வீச்சா, கதிரியக்கமா?

'செல்போன் ரேடியேஷன் மூளையைப் பாதிக்கும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அந்த ரேடியேஷன் லத்தீன் வழி வந்த சொல். அங்கே 'ரேடியஸ்' என்றால் சக்கரத்தின் ஆரக்கால். ஒளிக்கதிருக்கும் அதே பெயர்தான்.

தமிழில் கதிர்வீச்சு. ஓரிடத்திலிருந்து ஆற்றல் கிளம்பிப் பரவுவது. அந்தக் கணக்கில் வெயிலும் கதிர்வீச்சு, அடுப்பின் அனலும் கதிர்வீச்சு.

குழப்பம் கதிரியக்கம் என்ற சொல்லால் வருகிறது. யுரேனியம் போன்றவற்றின் நிலையற்ற அணுக்கருக்கள் தாமாகச் சிதைந்து கதிர்களை உமிழ்வதுதான் கதிரியக்கம். செய்தித்தாள்களிலேயே இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. செல்போனில் கதிரியக்கம் கிடையாது. அது அனுப்புவது ரேடியோ அலை. வேதிப் பிணைப்பை முறிக்கவோ, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து அதை அயனியாக்கவோ அதற்கு ஆற்றல் இல்லை. ஆகவே அதன் சரியான பெயர் அயனியாக்காக் கதிர்வீச்சு. வாயில் சட்டென்று நுழையாதுதான். ஆனால் அந்த 'அயனியாக்கா'வை விட்டுவிட்டால் போனும் அணு உலையும் ஒன்றாகிவிடும்.

அதற்காக மூளையில் எதுவுமே நடப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. 2011-இல் அமெரிக்காவில் 47 பேரிடம் செய்த ஆய்வில், 50 நிமிடம் அழைப்பில் இருந்த போனின் ஆன்டெனாவை ஒட்டிய மூளைப் பகுதியில் குளுக்கோஸ் பயன்பாடு சுமார் 7 சதவீதம் கூடியிருந்தது. அது கெடுதலா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை, ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. பிறகு 2024-இல், அந்நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்ட ஆய்வுத் தொகுப்பு மூளைப் புற்றுநோய்க்கும் செல்போனுக்கும் தொடர்பு தென்படவில்லை என்றது.

சரி, ரேடியேஷனிலிருந்து காக்க மாத்திரை உண்டா? கதிரியக்கத்துக்கு ஒன்று உண்டு: பொட்டாசியம் அயோடைடு. அணு உலை விபத்தில் வெளியாகும் கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் அது தடுக்கும். போனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சப்ளிமென்ட், அதாவது துணையுணவு என்று விற்கப்படுபவற்றில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனையும் வைட்டமின் ஈ-யையும், செல்போன் அலை பட்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். செல்களில் ஏற்படும் ஆக்சிஜனேற்றச் சேதம் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மனித மூளைக்கு அப்படி நிரூபணம் இல்லை. எலிக் கணக்கை நம்பி மாதாமாதம் டப்பா வாங்குவது வீண் செலவு.

கவலை இருந்தால் இயர்போனில் பேசலாம். போன் தலையை விட்டுத் தள்ளிப்போனாலே மூளைக்குச் சேரும் அலை வெகுவாகக் குறையும். அந்த அலையின் ஆற்றலை உடல் திசு உறிஞ்சும் அளவை எஸ்ஏஆர் என்பார்கள். இந்தியாவில் அதன் உச்சவரம்பு ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட். பல போன்களில் *#07# என்று அழுத்தினால் அந்த எண் தெரியும்.