எடை திரும்பி வருவது யார் குற்றம்?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆறு மாதம் வாயைக் கட்டி ஏழு கிலோ குறைத்தேன். ஒரே வருடத்தில் அத்தனையும் திரும்பிவிட்டது. எனக்கு மன உறுதி போதவில்லையா?"

மன உறுதியில் குறை இல்லை. உங்கள் உடல் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

உண்பது செலவாவதைவிட மிகுந்தால் மீதி கொழுப்பாகச் சேரும் என்பது பள்ளிப் பாடம். வரவும் செலவும் ஒன்றையொன்று கண்காணிக்கின்றன என்பதைத்தான் பாடம் சொல்வதில்லை. இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். சூடு ஏறினால் அணைகிறது, ஆறினால் தானே எரிகிறது. விளைவு திரும்பிப் போய்க் காரணத்தைத் திருத்தும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னூட்டம் என்று பெயர். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்த லெப்டின் என்ற ஹார்மோன் அப்படி ஒரு தூதுதான். கையிருப்பு எவ்வளவு என்று கொழுப்புத் திசு மூளைக்குச் சொல்லி அனுப்புகிறது. இருப்பு குறைந்தால் மூளை பசியைக் கிளப்புகிறது.

எவ்வளவு கிளப்புகிறது? அளப்பது கடினம். பத்தியம் இருப்பவருக்கு அது தெரியுமே, பசித்தாலும் அடக்கிக்கொள்வாரே! அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் கூட்டாளிகளும் 2016இல் இதற்குக் கண்டுபிடித்த வழியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. சிறுநீரகம் நாள்தோறும் ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, அத்தனையையும் மீட்டு ரத்தத்துக்கே அனுப்பிவிடும். கனாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை அந்த மீட்பில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. அதை ஓராண்டு சாப்பிட்ட 153 பேரின் உடலிலிருந்து தினமும் சுமார் 360 கலோரி, அவர்கள் உணராமலே, சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது. எடை சில கிலோ இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. கலோரி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எடை மாறிய விதத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அவர்கள் தினமும் சுமார் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். உடலின் செலவும் கிலோவுக்கு 20, 30 கலோரி சுருங்கும். மூன்று கிலோ குறைவதற்குள் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது!

ஏழு கிலோ குறைத்த வாசகிக்கு எழுந்த பசியை இப்போது நினைத்துப் பாருங்கள். கொள்ளுக் கஞ்சியும் எலுமிச்சை வெந்நீரும் கொழுப்பைக் கரைக்கும் என்று விற்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். கஞ்சி தோற்றதும் பழி சாப்பிட்டவர் தலையில் விழுகிறது.

உடலின் பின்னூட்டம் மாற்றத்தைத் திருத்துகிற வளையம். ஊரில் இருப்பவையோ மாற்றத்தைப் பெருக்குகிற வளையங்கள். தெருவில் வண்டி மிகுந்தால் பிள்ளையை நடத்தி அனுப்பப் பெற்றோர் அஞ்சுவார்கள், வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள், வண்டி இன்னும் மிகும். 2007இல் பிரிட்டன் அரசின் அறிவியல் அலுவலகம் உடல் பருமனுக்கு வரைந்த வரைபடத்தில் 108 காரணிகள், அவற்றை இணைக்கும் 300க்கும் மேற்பட்ட அம்புக்குறிகள். பார்த்தால் இடியாப்பம். அதை வரைந்த பிறகு, 'குறைவாகச் சாப்பிடு' என்ற ஒற்றை அறிவுரையோடு யாரும் நிறுத்திக்கொள்ள முடியாது. எந்த அம்பைத் திருப்பலாம் என்று தேட வேண்டியிருக்கிறது.

2018 ஏப்ரலில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த குளிர்பான வரி ஓர் அம்பைத் திருப்பியது. 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை. தொடக்கத்தில் 5 கிராம் முதல் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராம் முதல் 24 பென்ஸ் என்று இருந்தது. 330 மில்லி டப்பாவுக்கு அப்போது சுமார் 8 பென்ஸ்தான். ஆனால் அந்தப் படிக்கட்டு, குடிப்பவரைவிடத் தயாரிப்பவரைக் குறிவைத்தது. வரி வருமுன்னரே பல நிறுவனங்கள் செய்முறையை மாற்றின. 2015க்கும் 2019க்கும் இடையில் இவ்வகைப் பானங்களின் சராசரி சர்க்கரை 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 10, 11 வயதுச் சிறுமிகளிடையே பருமன், வரி இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 8 சதவீதம் குறைவு என்று 2023இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணித்தார்கள். சிறுவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

இந்தியாவிலும் வரி இருக்கிறது. 2017 முதல் 28 சதவீத ஜிஎஸ்டியும் 12 சதவீத கூடுதல் வரியும், 2025 செப்டம்பரிலிருந்து ஒரே 40 சதவீதம். 100 மில்லிக்குச் சர்க்கரை 4 கிராம் உள்ள சோடாவுக்கும் 11 கிராம் உள்ள சோடாவுக்கும் அதே 40தான். சர்க்கரையைக் குறைக்கும் தயாரிப்பாளருக்கு இதில் ஒரு பைசா லாபமில்லை.