பின்வரிசைக்குப் பிந்தி வரும் தாளம்

யாழ்ப்பாணத்தில் இணுவிலுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபம், பின்னேரம் நாலரை மணி. இருபது வயலின், இரண்டு மிருதங்கம், ஒரு கீபோட். ஒரே வர்ணத்தை எல்லோரும் சேர்ந்து வாசிக்கப் பழகுகிறார்கள். முன்வரிசை ஒழுங்காகப் போகிறது, பின்வரிசை இழுபடுகிறது. கடைசியில் இருந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்குத்தான் ஏச்சு விழுந்தது.

“தாளத்தைக் கேட்டு வாசியும், தம்பி.”

அவன் கேட்டுத்தான் வாசித்தான். பிழையே அதில்தான் இருந்தது.

மிருதங்கம் மண்டபத்தின் முன்மூலையில். பையன் 14 மீற்றர் தள்ளி. எங்கள் ஊர் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் ஓடும். ஆகவே தாளம் அவனிடம் வந்துசேர 40 மில்லிசெக்கன் ஆகிறது. அதைக் கேட்டு அவன் வில்லைப் போட, அந்த நாதம் முன்னுக்கு வர இன்னொரு 40. நிமிடத்துக்கு 80 தட்டு, தட்டுக்கு நாலு சுரம் என்று வாசித்தால் ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 190 மில்லிசெக்கன்கூட இல்லை. முன்னால் இருப்பவருக்கு அவனுடைய வாசிப்பு கிட்டத்தட்ட அரைச் சுரம் பிந்திக் கேட்கிறது. அவனுக்காக முன்வரிசை கொஞ்சம் பொறுத்தால் அவன் இன்னும் பிந்துவான், பாட்டே தளர்ந்துவிடும். பெரிய இசைக்குழுக்களில் ஒருவர் முன்னால் நின்று கையசைப்பது இதற்காகவும்தான். கையின் அசைவு கண்ணுக்கு வர நேரமே எடுப்பதில்லை.

கண்ணால் பார்ப்பதும் பாதி வேலைதான். மீதியை மூளை முன்கூட்டிச் செய்கிறது. சீரான தட்டொலி ஒன்றைக் கேட்கவைத்து, அதோடு சேர்த்து விரலால் தட்டச் சொன்னால், பெரும்பாலானோர் ஒலிக்குச் சில பத்து மில்லிசெக்கன் முந்தியே தட்டுவார்கள். அடுத்த தட்டு எப்போது விழும் என்று மூளை முதலே கணித்துவிடுகிறது. கையைக் காலை அசைக்காமல் தாளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாலும், அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் வேலை செய்கின்றன. கூட்டமாக வாசிக்கும் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் அடுத்த அசைவைக் கணிக்கிறது, தவறினால் திருத்துகிறது, திரும்பக் கணிக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் இது ஆயிரக்கணக்கான தடவை நடக்கும். பிள்ளையை மாற்றுவது இந்த ஓயாத திருத்தம்தான் என்று நான் நம்புகிறேன்.

சுருதி சேர்ப்பதும் இப்படித்தான். ஒருத்தியின் தந்தி செக்கனுக்கு 220 தடவை அதிர்கிறது, பக்கத்தவளுடையது 223 என்று வையுங்கள். இரண்டையும் சேர்த்து மீட்டினால் செக்கனுக்கு மூன்று தரம் ஒலி விம்மி விம்மித் தணியும். முறுக்காணியை மெல்லத் திருப்பத் திருப்ப விம்மல் ஆறுதலாகி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அந்த இடம் வந்ததும் இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்ததை அன்று கண்டேன்.

நாதஸ்வரமும் தவிலும் விளைந்த மண் இது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. அந்த மரபில் சிறுவன் முதலில் பிடிப்பது கைத்தாளத்தை அல்லது ‘ஒத்து’ என்ற சுருதிக் குழலை. ஒத்தில் விரல் வைக்கத் துளை இல்லை, ஒரே சுருதியை மூச்சு அறாமல் பிடிக்கவேண்டும். ‘ஒத்தூதுகிறான்’ என்பதை நாங்கள் வசவாக்கிவிட்டோம். மேளக் கூட்டத்தில் அதுதான் அரிச்சுவடி.

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் நாலு வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. சில சோடிகள் பாடி ஆடி விளையாடின, மற்றச் சோடிகள் அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் விளையாடின. பிறகு ஒரு பிள்ளையின் போளைகள் கொட்டுப்பட்டபோது, பாடி விளையாடிய பிள்ளைகளே கூடுதலாக உதவிக்குப் போனார்கள்.

ஒரு நாள் விளையாட்டின் சூடு எத்தனை நாள் நிற்கும்? லொஸ் ஏஞ்சல்ஸில் வசதி குறைந்த பிள்ளைகளுக்கான இசை வகுப்பொன்றை ஆராய்ந்தபோது, ‘பா’வையும் ‘கா’வையும் மூளை பிரித்தறியும் கூர்மை முதல் வருடத்தில் மாறவில்லை. இரண்டு வருடம் படித்தவர்களிடம்தான் மாறியது.

வெனிசுவேலாவில் ஹொசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய இளையோர் இசைக்குழு இயக்கத்திலும் பெரிய பரிசோதனை நடந்தது. 2,914 பிள்ளைகளில் குலுக்கலில் வந்த ஒரு பகுதியினர் முதலிலும் மற்றவர்கள் ஒரு வருடம் கழித்தும் சேர்க்கப்பட்டனர். முதலில் சேர்ந்தவர்களிடம் தன்னடக்கம் கூடியது. வன்முறையைக் கண்டிருந்த ஆண்பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறைந்தது. அறிவாற்றலில் பொதுவான முன்னேற்றம் தெரியவில்லை. சேர்ந்தவர்களில் ஏழைப் பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்பதும் தெரியவந்தது.

வன்முறையைக் கண்ட பிள்ளைகளின் விஷயமும் ஏழைப் பிள்ளைகளின் விஷயமும்தான் என்னை உறுத்துகின்றன. வன்முறை வாசலுக்கே வந்துபோன வீடுகள் எங்களுடையவை. 1995 இடப்பெயர்வையும் 2009ஐயும் கடந்துவந்த பெற்றோரின் பிள்ளைகள்தான் இன்று வகுப்பில் இருக்கிறார்கள். இங்கே சங்கீதம் பெரும்பாலும் பரீட்சைக்காக, ஒவ்வொருவராகப் படிக்கப்படுகிறது. தரம் ஏற ஏறப் பிள்ளை தனியாகத்தான் போய்ப் பாடுகிறது. குரல் வளர்கிறது, பக்கத்தவரைக் கணிக்கும் பழக்கம் வளர்வதில்லை. சேர்ந்து வாசிக்கக் கிழமையில் இரண்டு பின்னேரம் வேண்டும். வயலின் வாங்க வசதியில்லாத வீட்டுக்குப் பாடசாலை வயலினே போகவேண்டும். ரியூசன் நேரத்தோடு மோதாத மணியும், வீடு போக பஸ்ஸும் வேண்டும்.

அன்று இடைவேளைக்குப் பிறகு ரீச்சர் மிருதங்கங்களை மண்டபத்தின் நடுவுக்கு மாற்றினார். 14 மீற்றர் 7 ஆனது. “இனி என்ரை கையைப் பாரும், தம்பி” என்றார். இரண்டாம் தரம் வர்ணம் முடிந்தபோது எல்லா வில்லும் ஒன்றாக எழும்பின. பையன் அவசரமாக வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். ஆறு மணி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.