சைரஸ் என்றால் சூரியனா?

கல்லூரியில் பண்டைய வரலாறு கற்பிக்கும் எனக்கு, பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸைப் பற்றிய விடைத்தாள்களில் 'சைரஸ் என்பதற்குச் சூரியன் என்று பொருள்' என்ற வரி ஆண்டுதோறும் கண்ணில் படுகிறது. குழந்தைகளுக்குப் பெயர் தேடித் தரும் இணையதளங்களும் இதையே சொல்வதால் மாணவர்கள் ஐயமின்றி எழுதிவிடுகிறார்கள். கருத்து பழையதுதான், கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் கி.மு. 530-இல் இறந்த அரசரைப் பற்றி அவர் எழுதியது ஏறத்தாழ 600 ஆண்டுகள் கழித்து. மொழியியலும் இதற்கு இடம் தரவில்லை. பழைய ஈரானிய மொழிகளில் சூரியனைக் குறிக்கும் சொல் 'ஹ்வர்' என்ற வடிவத்தைச் சேர்ந்தது. அரசரின் பெயரோ பழைய பாரசீகக் கல்வெட்டில் 'கூருஷ்'. ஹகரத்தில் தொடங்கும் அச்சொல், பழைய பாரசீகத்தில் ககரத்தில் தொடங்கும் பெயராக மாற வழியில்லை.

அரசரின் காலத்தை ஒட்டிய சான்றுகளைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும். கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றிய பின் எழுதப்பட்ட களிமண் உருளையில், சைரஸ் தம் தந்தை காம்பிசஸையும், தம் பெயரையே கொண்ட பாட்டனாரையும் அன்ஷான் நகரத்து அரசர்கள் என்றே குறிப்பிடுகிறார். ஈரானின் தென்மேற்கே இருந்த அன்ஷான், பாரசீகர் தலையெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே ஏலாம் அரசின் பெருநகரம். பாரசீகப் பேரரசின் தலைநகரங்களில் ஒன்றான பெர்செபோலிஸில் கிடைத்த களிமண் பலகைகளில் பதிந்துள்ள ஒரு முத்திரை இன்னும் தெளிவானது: குதிரைமேல் அமர்ந்த வீரன் எதிரியை ஈட்டியால் குத்துகிறான்; கீழே வீழ்ந்தவர்கள் கிடக்கிறார்கள்; அருகில் 'அன்ஷானைச் சேர்ந்த குரஷ், தெய்ஸ்பெஸின் மகன்' என்று ஏலாம் மொழியில் எழுதியிருக்கிறது. குரஷ் என்பது சைரஸ் என்ற பெயரின் ஏலாம் வடிவம்; இந்தக் குரஷ், சைரஸின் பாட்டனாராக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

இச்சூழலைக் கொண்டே, பெயர் ஏலாம் மொழியினது, 'பேணிக் காப்பவர்' என்பது போன்ற பொருளுடையது என்று ஒரு சாரார் கூறுகிறார்கள். இன்னொரு சாரார் அதை ஈரானியப் பெயராகவே கொண்டு, 'சொற்போரில் எதிரியைத் தாழ்த்துபவர்' என்று விளக்குகிறார்கள். முதல் கருத்தே வலுவானது என்பது என் எண்ணம். பாரசீக அரச குடும்பம் ஏலாம் பண்பாட்டோடு எவ்வளவு கலந்து வளர்ந்தது என்பதையும் அது காட்டுகிறது. ஆயினும் விவாதம் முடியவில்லை. ஆகவே மாணவர்கள் இரண்டையும் குறிப்பிட்டு, 'என்று கருதப்படுகிறது' என்று எழுத வேண்டும்; அப்படி எழுதிய விடைக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன்.